சுத்தமான வீட்டுத் தூசி

ஃபால் ரிவர்
மார்ச் 18, 2019

டோனா டியோலிண்டா அவர்களுக்கு,

நேற்று மாடிப்படியில் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கிளினிக்கிலும் நர்ஸ் இதைத்தான் சொன்னாள். "வாயால சொல்லாதம்மா. எழுதிக் குடு, ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ" என்றாள்.

நில்டாவுக்கு இரண்டு வயதுப் பரிசோதனையில் ரத்தம் எடுத்தார்கள். காரீயம் பதினான்கு இருக்கிறது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்கிறார்கள். "வீடு எந்தக் காலத்து வீடு?" என்று கேட்டாள். உங்கள் மாமனார் வாங்கியபோதே அதற்கு ஐம்பது வயது என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, அதைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

முன்னறை ஜன்னலை ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் பழைய பெயிண்ட் உராய்ந்து, காடியில் மாவு மாதிரி வெள்ளையாகத் தூள் சேர்கிறது. நில்டா பஸ் பார்க்க அங்கேதான் நிற்பாள். அவள் உயரத்துக்கு வாய் சரியாக ஜன்னல் விளிம்பில்தான் இருக்கும். அந்த ஜன்னல்களை முறைப்படி சரி செய்து தர வேண்டும்.

நான் சண்டைக்கு வரவில்லை.

மேல்வீட்டு ஸெனைடா பாரோஸ்

*

மார்ச் 20

ஸெனைடா,

மூன்று மாடி இறங்கி வந்து கதவைத் தட்டுவதற்குக் காலில் சுளுக்கா? ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கதவிடுக்கில் கடிதம் போடுகிறாய். சரி, எனக்கும் எழுதத் தெரியும்.

இந்தத் தெருவிலேயே என் வீடுதான் சுத்தம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். வாரத்துக்கு இரண்டு தடவை படியைப் பெருக்குகிறேன். வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் எல்லா ஜன்னலையும் நானே தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறேன். முப்பத்தாறு வருடமாக. என் இரண்டு பையன்களும் இந்த வீட்டில்தான் தவழ்ந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை.

நீ பிறந்து வந்த தீவில் மண்சட்டியில் சமைப்பீர்களே, காரீய மெருகு பூசிய சட்டி, அதைப் போய்ப் பரிசோதனை செய்யச் சொல். பிள்ளை ஜன்னலை நக்கினால் பிள்ளையைப் பிடித்து உட்கார வை. எதற்கு என் ஜன்னலைக் குற்றம் சொல்கிறாய்?

ஆனாலும் கேள். இந்த வருடம் தூய ஆவி திருவிழாவின் வெள்ளிக் கிரீடம் என் வீட்டுக்கு வருகிறது. ஏழு வாரம், ஏழு வீடு, சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து என் பெயர் வந்திருக்கிறது. மே பன்னிரண்டிலிருந்து ஒரு வாரம், தினமும் ஊரே வந்து என் முன்னறையில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லும். அதற்காக மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் எப்படியும் தேய்க்கத்தான் போகிறேன். உன் ஜன்னலும் அதில் வரும். போதுமா?

கதவுக் கைப்பிடியில் கீரைப் பை தொங்குகிறது. குளிரெல்லாம் மூடி வைத்துக் காப்பாற்றிய கீரை. குழந்தைக்குச் சூப் வை. கோபம் வேறு, கீரை வேறு.

டியோலிண்டா ரெசெண்டஸ்

*

ஏப்ரல் 6, சனிக்கிழமை

டோனா டியோலிண்டா,

இன்று முதியோர் இல்லத்துச் சலவை வேலை முடித்து, நில்டாவைக் காப்பகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறேன். தெருக்கோடியிலேயே மெஷின் சத்தம். உள்ளே நுழைந்தால் வெள்ளைத் தூசியில் படி தெரியவில்லை. பேக்கரிக்குள் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, என்னிடம் கேட்காமல் என் வீட்டைத் திறந்து, என் ஜன்னலை உப்புத்தாள் மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். அவளுடைய கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேல் ஒரு துணி போட்டு மூடத் தோன்றவில்லை உங்களுக்கு.

"பாத்தியா, பளபளன்னு ஆயிடுச்சு. இனிமே உன் வாயில குறை வரக்கூடாது" என்றீர்கள். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினீர்கள். தூசி மேலே போய்க் கீழே வந்தது. குழந்தை கையைத் தட்டிச் சிரித்தாள், பனி பெய்கிறது என்று.

கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். நர்ஸ் கத்தியே விட்டாள். "காஞ்ச பெயிண்டை மெஷின்ல தேய்ச்சாங்களா? அதவிடச் சும்மா விட்டிருக்கலாமே!" என்றாள். பழைய பெயிண்டை ஈரப்படுத்தாமல் தொடவே கூடாதாம். தரைக்கு பிளாஸ்டிக் விரித்து ஒட்ட வேண்டுமாம். துடைப்பத்தைக் கிட்டே கொண்டு வரக்கூடாதாம். பெருக்கினால் தூசி போகாது, இடம்தான் மாறும்.

கட்டில் மெத்தையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தேன். திங்கட்கிழமை நகர சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லப் போகிறேன். முன்கூட்டியே சொல்கிறேன், முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று பேசக்கூடாது.

ஸெனைடா

*

ஏப்ரல் 16

திருமதி பாரோஸ் அவர்களுக்கு,

இனிமேல் மரியாதையாகவே எழுதுகிறேன். அரசாங்கம் உங்கள் பக்கம் இருக்கிறதல்லவா?

உங்கள் ஆள் வந்தான். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை என் கதவில் வைத்தான், ஜன்னலில் வைத்தான், என் கல்யாணத்துக்குப் பெயிண்ட் அடித்த தாழ்வாரக் கம்பியில் வைத்தான். வைத்த இடத்திலெல்லாம் அது கீச்சிட்டது. எதிர்வீட்டு லுசிண்டா காபிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். போகும்போது என் வாசற்கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். இந்த வீட்டில் விஷம் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் படிக்கக் கொடுத்திருக்கிறான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெபமாலைக் கூட்டத்துப் பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். என் வீட்டைப் பற்றி! கிரீடம் வரப்போகும் வீட்டைப் பற்றி!

பிரசவமாகி நீங்கள் வந்த அன்று உங்களை மூன்று மாடி கைத்தாங்கலாக ஏற்றியது யார்? அதையும் அந்த ஆளிடம் சொன்னீர்களா?

ஜூன் முப்பதுக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள். புது வீடு, புது ஜன்னல், கண்ணாடி மாளிகை எதுவாக இருந்தாலும் போய் இருந்துகொள்ளுங்கள்.

டி. ரெசெண்டஸ்

*

ஏப்ரல் 27

டோனா டியோலிண்டா,

காலி செய்ய மாட்டேன். குறை சொன்னதற்காக வீட்டைவிட்டு அனுப்புவது சட்டப்படி செல்லாது. சட்டத்தில் எழுதி வைத்திருப்பதைக் காட்டட்டுமா? பார்க்க வேண்டுமானால் மேலே வாருங்கள். மூன்று மாடிதான், சுளுக்கு இல்லையென்றால்.

இன்னொரு விஷயம். நேற்று நில்டாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்த முடிவு வந்தது.

இருபத்து மூன்று.

நீங்கள் சுத்தம் செய்வதற்கு முன் பதினான்கு. சுத்தம் செய்தபின் இருபத்து மூன்று. நான் வேறொன்றும் எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுவேன். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறாள். பக்கத்தில் போனால் அறைகிறாள். முன்பு "பஸ் வருது, மஞ்சள் பஸ்" என்று இரண்டு சொல்லாகச் சேர்த்துச் சொல்வாள். இந்த வாரம் கையை மட்டும் நீட்டுகிறாள். "பொறுத்துப் பாருங்க" என்கிறார் டாக்டர். எதற்குப் பொறுக்க வேண்டும், எதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்று கேட்டால் அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்.

உங்கள் பெயர் கெட்டுப்போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் என்னைக் கைத்தாங்கலாக ஏற்றியது உண்மை. அன்று என் கையில் இருந்தது இந்தக் குழந்தைதான்.

ஸெனைடா

*

மே 5

கதவில் நேற்றுத் தொங்கவிட்ட கீரையைச் சாப்பிட வேண்டாம். வீட்டில் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடு.

டி.

*

மே 6

டோனா டியோலிண்டா,

என்னைக் காலி செய்ய வைக்க முடியவில்லை என்றதும் கீரையை நிறுத்துகிறீர்களாக்கும். நல்ல மனசு. காலி செய் என்று எழுதிய அன்றுகூட பை தொங்கியது. அவ்வளவு கோபத்திலும் இந்த அம்மாள் குழந்தை வயிற்றை மறக்கவில்லையே என்று நினைத்தேன். ஏமாந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். முதல் பரிசோதனை முடிந்ததும் கிளினிக்கில், "இரும்புச்சத்து நிறையக் குடுங்க, காரீயத்தை உடம்பு இழுக்காம இருக்கும், கீரை நல்லது" என்றார்கள். ஒரு வேளை கொடுத்த சூப்பை இரண்டு வேளை ஆக்கினேன். உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே, வெட்கத்தை விட்டு, உங்கள் பையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். கையைப் பிடித்து இழுத்து அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அந்த ஒன்றைத்தான்.

பரவாயில்லை. கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

ஸெனைடா

*

மே 9

ஸெனைடா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. இதை நேரில் சொல்லத்தான் படியேறினேன். நடு மாடி வீட்டு வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். அங்கேயிருந்து நில்டாவின் குரல் கேட்டது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். வீட்டுக்காரர்கள் தாங்களே கொஞ்சம் வேலை செய்ய வேண்டுமானால் ஒருநாள் படித்துவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். உனக்காகப் போகவில்லை. காண்ட்ராக்டர் ஜூனில்தான் வருவேன் என்றான், என் கிரீடமோ மே மாதம். அதனால் போனேன். இருபது ஆண்பிள்ளைகள், நான் ஒருத்தி. சுரண்டும் வேலையெல்லாம் உரிமம் வாங்கியவர்கள்தான் செய்யலாம் என்றார்கள். நான் ஜன்னல் சட்டங்களைக் கழற்றலாம். அதற்கும் முதலில் வாசலை பிளாஸ்டிக்கால் அடைக்க வேண்டும், தரையில் இரண்டு அடுக்கு விரித்துச் சுவரோடு டேப் ஒட்ட வேண்டும், தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே கழற்ற வேண்டும். முடிந்ததும் விரிப்பை உள்பக்கமாக மடித்துச் சுருட்ட வேண்டும். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், ஒரு வாளியில் நல்ல தண்ணீர். முப்பத்தாறு வருடமாக நான் செய்தது ஒவ்வொன்றையும், செய்யக்கூடாதவை என்று பலகையில் எழுதிப் போட்டார் அந்த சொட்டைத்தலை வாத்தியார்.

கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார். ஜன்னலுக்குக் கீழே செடி வைக்கலாமா என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன்.

"எவ்வளவு தள்ளி வச்சிருக்கீங்க?"

"தள்ளியெல்லாம் இல்ல. நேர் கீழதான். அந்தச் சுவர்ல வெயில் நல்லா அடிக்கும்."

"என்ன செடி?"

"கீரை."

"யார் சாப்பிடறது?"

அவர் இன்னொரு தடவை கேட்டார். பிறகு எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வருடா வருடம் தேய்த்த தூளெல்லாம் அந்த மண்ணில்தான் விழுந்தது. ஏப்ரலில் தேய்த்தது இலை மேலேயே விழுந்தது. நான் ஒரு முறை அலசிப் பையில் போட்டுக் கொடுத்தேன். கீரையை நிறுத்தியது கோபத்தில் இல்லை. போதுமா? ஏன் என்று எழுத அன்றைக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் அந்த வகுப்பில் வாசித்தார்கள். சின்ன வயதில் இது உடம்பில் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு பட்டியல். ஓரிடத்தில் உட்கார மாட்டான், படிப்பு ஏறாது, சட்டென்று கை நீட்டுவான். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். சின்னவன் துவார்த்தேயின் வாத்தியார்கள் ஒன்பது வருடம் எனக்கு அதைத்தான் சொன்னார்கள். மக்கு என்றேன், சோம்பேறி என்றேன். சோளத்தைத் தரையில் கொட்டி அதன் மேல் முட்டிபோட வைத்தேன். இந்த வீட்டின் முன்னறையில்தான், ஜன்னல் பக்கமாக. அவன் இப்போது ஓஹாயோவில் இருக்கிறான். ஃபோன் எடுப்பதில்லை.

பதினோராம் தேதியிலிருந்து வீடு முழுவதும் வேலை. முதலில் நான் கழற்றுவது, ஜூனில் ஆட்கள் வந்து மீதி. நீயும் குழந்தையும் உள்ளே இருக்கக்கூடாது. எங்கே தங்குவாய் என்று எழுது, ஏற்பாடு என்னுடையது.

டியோலிண்டா

*

பிராக்டன்
மே 26

டோனா டியோலிண்டா,

என் சித்தி மகள் வீட்டில் இருக்கிறோம். உங்கள் ஏற்பாடு வேண்டாம் என்றேன், வேண்டாம்தான்.

உங்கள் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். உங்கள் மகனுக்காக நான் அழுவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? அழ மாட்டேன். அதை எனக்கு எழுதி என்ன பயன்? அவருக்கு எழுதுங்கள். நீங்கள் முட்டிபோட வைத்தவர் நான் இல்லை.

எனக்கு உங்கள் மேல் இருக்கும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதில் பாதி என் மேலேயே திரும்பி வருகிறது. மெஷின் உங்களுடையது, தோட்டம் உங்களுடையது. ஆனால் ஸ்பூன் என் கையில் இருந்தது. "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக ஒரு வாய்" என்று, வயிறு நிறைந்து துப்பியதையும் எடுத்து ஊட்டினேன். இதை நீங்கள் எனக்குச் செய்திருக்கிறீர்கள். குழந்தைக்குச் செய்ததை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

கிரீடம் லுசிண்டா வீட்டுக்குப் போய்விட்டதாமே. இங்கே சர்ச்சில் சொன்னார்கள். "வீட்ல வேலை நடக்குது, ஜனங்க வந்து முட்டிபோடற மாதிரி தரை இல்ல" என்று நீங்களே போய்ச் சொல்லி ஒப்படைத்தீர்களாம். அதற்காக நான் உருகிப்போவேன் என்று நினைக்காதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்தீர்கள், அவ்வளவுதான்.

ஸெனைடா

*

ஃபால் ரிவர்
ஜூன் 28

ஸெனைடா,

நீ உருக வேண்டாம். உன்னை உருகச் சொல்லி யாரும் காத்திருக்கவில்லை.

வேலை முடிந்தது. உன் வீட்டில் பதினொரு ஜன்னலும் புதிது. கதவு விளிம்புகளை ஆட்கள் நனைத்துச் சுரண்டிப் பூசிவிட்டார்கள். படியில் ஒவ்வொரு படிக்கும் ரப்பர் அடித்தாயிற்று. தோட்டத்து மண்ணை ஒரு முழம் வெட்டி மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். இப்போது அங்கே சரளைக் கல். அந்தக் கருவிக்காரன் வந்து ஈரத்துணியால் ஜன்னல் விளிம்புகளைத் துடைத்துப் பரிசோதனைக்கு எடுத்துப் போனான். முதல் தடவை சமையலறை ஜன்னல் தேறவில்லை. அந்த அறையைக் கழுவியவள் நான். மறுபடி முட்டிபோட்டு மூன்று நாள் கழுவினேன். இரண்டாவது தடவை தேறியது. கதவில் ஒட்டிய தாளை அவனே கிழித்தான்.

என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எவ்வளவு என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

காலி செய்யச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வந்தால் வா, வராவிட்டால் போ. ஆனால் குழந்தைக்கு மறுபடி ரத்தம் எடுத்திருப்பார்களே. எவ்வளவு?

டியோலிண்டா

*

ஜூலை 14

ஸெனைடா,

பதில் இல்லை. என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, படிக்கிறேன். அளவை மட்டும் மறைக்காதே. எவ்வளவு என்று ஒரே ஒரு எண். அதை ஒரு அட்டையில் எழுதி அனுப்பினால்கூடப் போதும்.

டி.

*

பிராக்டன்
ஜூலை 22

டோனா டியோலிண்டா,

வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. ஒரு எண்ணுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் தெரிந்திருக்கும். போதும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

பதினாறு. இறங்குகிறது. இனி மெதுவாகத்தான் இறங்குமாம், எலும்புக்குள் போனது வெளியே வர வருடக்கணக்காகுமாம். வயிற்றுவலி இல்லை. அடிப்பது குறைந்திருக்கிறது. சேர்த்துச் சொன்ன சொற்களில் சில திரும்ப வந்திருக்கின்றன, சில வரவில்லை.

"அப்ப ஒண்ணும் ஆகலதானே டாக்டர்?" என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "தெரியாதும்மா. பள்ளிக்கூடம் போய் எழுத்து, கணக்குன்னு ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம்" என்றார். இன்னும் மூன்று வருடம்.

இந்த இரண்டு மாதத்தில் பிராக்டனில் எட்டு வீடு பார்த்தேன். எட்டிலும் ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், காடியில் விரலை விட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர்கள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். "நல்லா சுத்தமா வச்சிருக்கோம்மா" என்றார்கள் எல்லாரும். எங்கே என்ன இருந்தது, எது போனது என்று எனக்குத் தெரிந்த வீடு உங்களுடையது ஒன்றுதான். அதனால் ஆகஸ்ட் முதல் தேதி திரும்பி வருகிறோம். சமாதானமாகிவிட்டேன் என்று லுசிண்டாவிடம் போய்ச் சொல்ல வேண்டாம். நான் உங்களோடு பேச மாட்டேன். படியில் பார்த்தால் ஒதுங்கிப் போவேன்.

ஆனால் நில்டா ஒதுங்க மாட்டாள். "லிண்டா" என்று உங்கள் கதவைத் தட்டுவாள். திறக்க வேண்டும். அவள் தினமும் உங்கள் கண்ணெதிரில் ஏறி இறங்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். என்ன பேசுகிறாள், எதை மறக்கிறாள், எதில் தடுமாறுகிறாள் என்று நான் பார்க்கிற மாதிரியே நீங்களும் பார்க்க வேண்டும். நான் தூங்காமல் இருந்தால் நீங்களும் தூங்காமல் இருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்புவார்கள். குழந்தை எப்படிப் படிக்கிறாள் என்று டீச்சர் எதிரில் உட்கார வைத்துச் சொல்வார்கள். அன்றைக்கு நல்ல துணி உடுத்திக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருங்கள். அதை நான் தனியாகக் கேட்க மாட்டேன்.

ஸெனைடா